லீத் ஹில் கோபுரத்துக்கு அப்பாவை அழைத்துச் செல்ல ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் செப்டம்பர் மாதம் பழமையான இடங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடும் பாரம்பரியத் திறப்பு நாட்களை (Heritage Open Days) ஒட்டி, சர்ரேயில் உள்ள லீத் ஹில் கோபுரத்துக்கு என் அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பழைய கட்டடங்கள் என்றால் அவருக்கு உயிர்; ஆனால் முழங்கால் வலியால் இப்போது படியேறுவதே சிரமமாக இருக்கிறது.

ரிச்சர்ட் ஹல் என்பவர் 1765இல் எழுப்பிய இந்தக் கோபுரம், அவர் மறைவுக்குப் பின் பாழடைந்து, உள்ளே கல்லும் காரையும் கொட்டி அடைக்கப்பட்டிருந்ததாம். 1864இல் அதைத் திறக்க முனைந்தபோது அந்த அடைப்பை முழுவதும் அகற்ற இயலாததால், பக்கவாட்டில் தனியாகச் சுழல் படிக்கட்டு கொண்ட ஒரு சிறு கோபுரம் கட்டப்பட்டது. எனக்குக் கவலை தருவது இந்தச் சுழல் படிக்கட்டுதான். இத்தகைய படிகள் உட்புறம் குறுகி, சுவரோரம் மட்டுமே கால் முழுதாகப் பதியும் அளவுக்கு இருக்கும்; எதிரே இறங்கி வருபவருக்கு வழிவிட, மூட்டு வலி உள்ளவர்தான் குறுகிய பக்கம் ஒதுங்க நேரிடுமோ என்று அஞ்சுகிறேன்.

அங்கு சென்று வந்தவர்கள் தயவுசெய்து கூறுங்கள்: கைப்பிடி உண்டா, இடையில் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா, கூட்டம் குறைவான நேரம் எது? வாகன நிறுத்தத்திலிருந்து குன்றின் உச்சிக்குச் செல்லும் பாதைகளில் ஏற்றம் குறைவானது எது என்பதும் தெரிந்தால் பேருதவியாக இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே லண்டனும் தெற்கே ஆங்கிலக் கால்வாயும் தெரியும் அந்த மேல்தளத்தில் அப்பாவை ஒருமுறையாவது நிற்கவைக்க வேண்டும் என்பது என் ஆசை.