பெரிய வீடு குழு: செல்வி எஸ்ஸவீராவில்

செல்வி, பிற்பகல் 1:55
மொராக்கோவில், மராக்கேஷிலிருந்து காலை 8 மணிக்கே வேன் எடுத்துவிட்டார்கள். இங்கே இப்போது மணி 9:25. எஸ்ஸவீரா என்ற கடற்கரை ஊருக்குப் போகிறோம். வழியில் இதைப் பாருங்கள்.
[படம்]

அம்மா, 1:58
ஆடு எப்படி மரத்தில் ஏறியது? விழுந்துவிடாதா?

குமார், 1:58
அக்கா, இது எடிட் செய்த படம்தானே.

செல்வி, 2:04
நிஜ ஆடுதான்டா. இது ஆர்கான் மரம். காய் தின்பதற்கு ஆடுகள் தானாகவே ஏறுமாம். ஆனால் இந்தச் சாலையோர ஆடுகளை யாரோ ஏற்றி நிறுத்திவிட்டு, படம் எடுத்தால் காசு கேட்கிறார்கள். பாவம், வெயிலில் அசையாமல் நிற்கின்றன. நான் கொடுக்கவில்லை. உன் அத்தான் கொடுத்துவிட்டார்.

மதினி, 2:06
செல்வி, ஆர்கான் எண்ணெய் அங்கே மலிவா? முடிக்கு நல்லது என்கிறார்களே.

செல்வி, 2:51
மதினி, இப்போதுதான் ஒரு பெண்கள் கூட்டுறவில் இறங்கிப் பார்த்தோம். ஒரு கல்லில் கொட்டையை வைத்து இன்னொரு கல்லால் ஒரே தட்டு, பருப்பு வெளியே வந்துவிடுகிறது. நான் தட்டினேன், விரலில் பட்டது. பருப்பை வறுத்து ஆட்டினால் சாப்பிடும் எண்ணெய், வறுக்காமல் ஆட்டினால் தலைக்கும் தோலுக்கும். வாதுமை, தேனோடு அரைத்து அம்லூ என்று ஒன்று செய்கிறார்கள், ரொட்டியில் தொட்டுச் சாப்பிட அருமை. மலிவெல்லாம் இல்லை.

மதினி, 2:52
ஒரு சின்ன பாட்டில் போதும் 🙏

செல்வி, 4:32
வந்து சேர்ந்தோம். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. அவருடைய தொப்பி போய்விட்டது.

அம்மா, 4:33
மாப்பிள்ளைக்குத் தலையில் துண்டு கட்டச் சொல். சாப்பிட்டீர்களா?

பெரியப்பா, 4:40
எந்தப் பக்கத்துக் காற்று?

செல்வி, 4:44
பெரியப்பா! நீங்களும் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களா. கைடு வடக்கிலிருந்து என்கிறார். கோடை முழுக்க விடாதாம்.

பெரியப்பா, 4:46
அப்படியானால் வாடை. நமக்குக் கோடையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், அங்கே வாடை. சரி, பார்த்து நட.

செல்வி, 5:10
கோட்டை மதில் மேல் நிற்கிறோம். வரிசையாக வெண்கலப் பீரங்கிகள், ஸ்பெயினில் வார்த்ததாம், எல்லாம் கடலைப் பார்த்தபடி. ஊர் அவ்வளவு பழையது இல்லை. 1760களில் சீதி முகமது பின் அப்துல்லா என்ற சுல்தான் கட்டினார். அகாதிர் துறைமுகம் அவருக்கு அடங்கவில்லை. அதை மூடி, வெளிநாட்டு வியாபாரத்தை இங்கே திருப்பிவிட்டார். வியாபாரம் நடத்த யூத வணிகர்களைக் குடியமர்த்தினார். ஊருக்கு வரைபடம் போட்டவர் தியோடர் கோர்னூ என்ற பிரெஞ்சுக்காரர். அதனால் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன. மராக்கேஷில் மூன்று தடவை வழி தவறினோம், இங்கே அந்தக் கவலை இல்லை.

குமார், 5:13
பழைய பெயர் மொகதோர். 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

செல்வி, 5:14
கூகுளைப் பார்த்து எனக்கே பாடமா? நான்தான் இங்கே நிற்கிறேன்.

செல்வி, 5:22
பெரியப்பா, எதிரே ஒரு தீவு தெரிகிறது. 2000 வருடத்துக்கு முன்னால், ஜூபா என்ற ராஜா காலத்தில், அங்கே சங்கு இனத்து நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்களாம். ரோமாபுரிப் பெரிய மனிதர்கள் உடுத்தும் துணிக்கு. ஒரு துணி நனைய ஆயிரக்கணக்கில் நத்தை வேண்டும். இப்போது அனுமதி இல்லாமல் தீவுக்கு விடுவதில்லை, வல்லூறு கூடு கட்டும் இடம்.

பெரியப்பா, 5:29
சங்கில் சாயமா? நாம் சங்கை வளையலுக்கு அனுப்பினோம், சதையைக் காயப்போட்டுத் தின்றோம். இது தெரியாமல் போயிற்று.

குமார், 5:30
பெரியப்பா, நம் சங்கில் அந்தச் சாயம் வராது. இது வேறு இனம்.

பெரியப்பா, 5:31
நீ முங்கிப் பார்த்தாயா?

மதினி, 5:31
😂😂

செல்வி, 6:05
மதிலுக்குக் கீழே வளைவு வளைவாக அறைகள். முன்பு வெடிமருந்துக் கிடங்கு, இப்போது தச்சுப் பட்டறைகள். தூயா என்று ஒரு மரம், வாசனை தெருமுனை வரை வருகிறது. வேர் முண்டில் புள்ளி புள்ளியாக அழகு. ஒரு பெட்டி வாங்கினேன்.
[படம்]

பெரியப்பா, 6:11
மேலே வெட்டினால் மரம் திரும்பத் துளிர்க்கும். வேர் முண்டைத் தோண்டினால் மரம் போச்சு. பெட்டி நன்றாக இருக்கிறது, இன்னொன்று வாங்காதே.

செல்வி, 6:12
சரி பெரியப்பா.

சித்தி, 6:20
படத்தில் பின்னால் கறுப்பு உடை போட்டுப் பாடுகிறார்களே, யார் அவர்கள்?

செல்வி, 6:24
நாவா பாட்டுக்காரர்கள் சித்தி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்த இசை. மூன்று தந்தி உள்ள பெரிய வாத்தியம், கையில் இரும்புத் தாளம். காது அடைத்துவிட்டது, ஆனால் நகர மனம் வரவில்லை.

அம்மா, 6:40
மணி ஏழாகப் போகிறது, இன்னும் சாப்பிட்டாயா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை.

செல்வி, 6:58
அம்மா, இங்கே மதியம்தான். சாப்பிட்டோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனை நாமே காட்டினால் கரியில் சுட்டுத் தருகிறார்கள். சாளை, கணவாய், இறால். தக்காளி வெங்காயம், ரொட்டி. கடற்காகம் ஒன்று அவர் தட்டிலிருந்தே சாளையைத் தூக்கிப் போயிற்று. முதலில் தொப்பி, இப்போது மீன். கடைக்காரர் சொன்ன விலை ஒன்று, பில்லில் வந்தது ஒன்று. கைடு வந்து பேசிய பிறகுதான் குறைத்தார்.

குமார், 7:00
அத்தானுக்கு நேரம் சரியில்லை.

செல்வி, 7:15
பெரியப்பா, உங்களுக்காகத்தான் இது. துறைமுகத்தில் படகு கட்டுகிறார்கள்!! எல்லாம் மரம். சின்னப் படகுகளுக்கு ஒரே நீல வண்ணம்.
[படம்] [படம்]

பெரியப்பா, 7:17
பெரிதாக்கிப் பார்த்தேன். அடிமரமான ஏராவைப் போட்டு, விலா எலும்பு மாதிரி மணிக்கால் நிறுத்தியிருக்கிறான். சுத்தமான வேலை. என்ன மரம்?

செல்வி, 7:21
மணிக்காலுக்கு யூகலிப்டஸ் என்கிறார் கைடு.

பெரியப்பா, 7:22
அந்த ஓரத்தில் குந்தியிருக்கிறவன் கையில் என்ன?

செல்வி, 7:26
பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து உள்ளே இறக்குகிறார். அந்த வேலைக்காரருக்குப் பெயர் கல்ஃபாத் என்றார் கைடு.

பெரியப்பா, 7:27
என்ன பெயர்?

பெரியப்பா, 7:27
திரும்பச் சொல்.

செல்வி, 7:28
கல்ஃபாத்.

பெரியப்பா, 7:30
கலப்பத்து! தூத்துக்குடியில் நாற்பது வருஷம் நான் அடித்த கலப்பத்து. அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

குமார், 7:36
பெரியப்பா, தேடிப் பார்த்தேன். போர்ச்சுகீசில் கலஃபாத்தே. அரபியிலும் கிட்டத்தட்ட அதே சொல். 1506இல் போர்ச்சுகீசியர் இந்த ஊரில் ஒரு கோட்டை கட்டியிருக்கிறார்கள், சில வருஷத்திலேயே போய்விட்டார்கள். அதே நூற்றாண்டில்தான் நம் ஊருக்கும் வந்தார்கள். நமக்கு அவர்கள் மூலம் வந்த சொல்லாம்.

பெரியப்பா, 7:41
சொல் அவன் கொடுத்திருக்கலாம். அதற்கு முன்னால் நாம் கடலுக்குப் போகவில்லையா? அப்போது ஆணி கிடையாது, பலகையைக் கயிற்றால் தைத்தார்கள். தாத்தா சொல்வார்.

குமார், 7:42
நான் இல்லை என்று சொல்லவே இல்லையே.

பெரியப்பா, 7:44
செல்வி, அடிக்கிற சத்தம் வேண்டும். பஞ்சு இறங்க இறங்கச் சத்தம் மாறும். அதைக் கேட்டால் அவன் வேலை தெரிந்துவிடும்.

செல்வி, 7:45
துறைமுகத்தை விட்டு வெளியே வந்துவிட்டேனே பெரியப்பா. 4 மணிக்கு வேன்.

செல்வி, 7:45
சரி, இருங்கள்.

அம்மா, 7:47
தனியாக ஓடாதே.

செல்வி, 8:06
[குரல் பதிவு, 1:12]
நம் கொட்டாப்புளி மாதிரி மரச் சுத்தியல்தான் வைத்திருக்கிறார். என் பெரியப்பாவும் இதே வேலை என்று கைடை விட்டுச் சொல்லச் சொன்னேன். எழுந்து நின்று கை கொடுத்தார்.

பெரியப்பா, 8:13
நாற்பதாவது விநாடியில் சத்தம் கெட்டிப்படுகிறது. அங்கே நிறுத்தினான் பார். ஒரு அடி கூட அதிகம் அடிக்கவில்லை. நல்ல கை.

பெரியப்பா, 8:14
மேலே என்ன பூசுகிறான்? நாம் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவோம்.

செல்வி, 8:19
மாவு மாதிரி ஏதோ, டப்பாவில் இருந்தது. கேட்க நேரமில்லை. உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்? அம்லூ?

பெரியப்பா, 8:21
ஒன்றும் வேண்டாம். அந்தப் பஞ்சில் ஒரு முழம் கேட்டிருக்கலாம்.

செல்வி, 8:22
கைப்பையில் இருக்கிறது. அவரே கொடுத்தார்.
[படம்]

பெரியப்பா, 8:24
முறுக்கு தளர்வு. பரவாயில்லை, கொண்டு வா.

செல்வி, 8:33
வேனில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள், யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. கிளம்புகிறோம்.

மதினி, 8:34
எண்ணெய் வாங்கினாயா?

செல்வி, 8:34
ஐயோ மதினி.