சேவல்கள் அதிகமாகிவிட்டன, என்ன செய்வது? (அவசரம்)

ஒத்தக்கடையான் | ஞாயிறு, இரவு 9.42
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் கோழி வளர்க்கிறோம். குஞ்சுகள் எல்லாமே சேவலாகப் போய்விட்டன. விடிவதற்கு முன்பே கூவல், பகல் முழுக்கச் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் இன்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டார். ஒரு பெட்டைக்கு முதுகில் இறகே இல்லை, தோல் கிழிந்திருக்கிறது. என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லவும். நன்றி.

பஞ்சாரம் | இரவு 9.55
சேவல் எத்தனை, பெட்டை எத்தனை? எத்தனை மாதம்? மண் தரையா, மொட்டைமாடியா? கறிக்கு அறுக்கும் வீடா, இல்லையா? ஒன்றுமே சொல்லவில்லையே. அது இருக்கட்டும், அடிபட்ட பெட்டையை இப்போதே தனியாக எடுத்துவிடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சத்தமில்லாமல் கைக்கு வரும். பஞ்சாரம் ஒன்றைக் கவிழ்த்து உள்ளே விட்டால் போதும். சிவப்பைக் கண்டால் கூட இருக்கும் பெட்டைகளே கொத்த ஆரம்பிக்கும். நாளைப் பகலில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும்.

கோழி வாத்தியார் | இரவு 10.08
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. சரி, மறுபடியும் எழுதுகிறேன். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். அடை வைத்தால் பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். வைக்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் அடை வைத்துவிட்டு நள்ளிரவில் அவசரம் என்று எழுதினால் நாங்கள் என்ன மந்திரமா போட முடியும்?

உசிலைக்காரர் | இரவு 10.31
வாத்தியார் சொல்வது ஏட்டுக் கணக்கு. எல்லாமே சேவலாகப் பொரித்திருக்கிறது என்றால் தம்பி கூர்முனை முட்டையாகப் பொறுக்கி வைத்திருக்கிறார். நீளமாக, ஒரு முனை கூராக இருந்தால் சேவல். உருண்டையாக இருந்தால் பெட்டை. என் அப்பா கையில் உருட்டிப் பார்த்தே சொல்லுவார். தேய்பிறையில் அடை வைத்தாலும் சேவல்தான் கூடும். எந்தத் திதியில் வைத்தீர்கள் தம்பி?

ஒத்தக்கடையான் | இரவு 10.40
பெட்டை மூன்று, சேவல் ஆறு. பின்பக்கம் இரண்டு சென்ட் மண் தரை இருக்கிறது. திதி எல்லாம் தெரியாது ஐயா. கோழியை இப்போது எடுத்து வைக்கிறேன்.

பஞ்சாரம் | இரவு 10.44
மூன்று பெட்டைக்கு ஆறு சேவலா! பாவம், அவை எப்படி உயிரோடு இருக்கின்றன? முதுகில் இறகு போனதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம். மாறி மாறி ஏறி மிதிக்கின்றன, நகம் பட்டுத் தோல் கிழிகிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வெளிர் ரோஜா நிறத்துக்குக் கரைத்துக் கழுவுங்கள். பிறகு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுங்கள், ஈ அண்டாது. வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரத்தில் முளைத்துவிடும். பாதியில் ஒடிந்தது அடுத்த இறகு உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மேலூர் மாடிவீடு | திங்கள், காலை 6.15
கிடாய்க்குக் காயடிப்பது போல இவற்றுக்கும் அடித்துவிட்டால் சண்டை, கூவல் எல்லாமே நின்றுவிடும் அல்லவா? எங்கள் மாடியிலும் இரண்டு இருக்கின்றன. அதனால்தான் கேட்கிறேன்.

கால்நடை மாணவன் | காலை 7.02
தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம் அண்ணா. கிடாய்க்கு விதை வெளியே தொங்குகிறது, இடுக்கியால் நசுக்கிவிடலாம். சேவலுக்கு அது வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்துக்கு அருகில் இருக்கிறது. விலாவைக் கீறித்தான் எடுக்க வேண்டும். அருகிலேயே பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது.
உசிலை ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. கோழி இனத்தில் குஞ்சு சேவலா பெட்டையா என்பதைத் தீர்மானிப்பது தாய்க்கோழியின் கருமுட்டை. ஓடு உருவாவதற்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது. முட்டையின் வடிவம் கருப்பைக் குழாயின் அமைப்பால் வருவது. திதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உசிலைக்காரர் | காலை 7.20
நீங்கள் படிப்பது நான்கு வருடம். நான் நாற்பது வருடமாக அடை வைக்கிறேன். எங்கள் வீட்டில் உருண்டை முட்டையில் சேவல் வந்ததே இல்லை.

கால்நடை மாணவன் | காலை 7.26
எழுதி வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா ஐயா?

உசிலைக்காரர் | காலை 7.28
கோழிக்கு யாராவது கணக்குப் புத்தகம் வைப்பார்களா?

வைகைக்கரை | காலை 8.10
அறுக்க மனமில்லை என்றால் சேவல்சண்டைக் கட்டுக்காரர்களிடம் கொடுங்கள். நல்ல விலை தருவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர்...

கோழி வாத்தியார் | காலை 8.25
இந்தப் பேச்சை இங்கே எடுக்க வேண்டாம். விலங்குகளைச் சண்டைக்கு ஏவுவது 1960-ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் தனியே பேசிக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை | காலை 8.31
தை மாதம் வந்தால் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும் வாத்தியாரே.

செல்லம்பட்டிக்காரி | காலை 9.05
சண்டையை விடுங்கள். தம்பி, நான் ஒன்று கேட்கிறேன். ஆறு சேவலும் என்ன நிறம்? கொண்டை எப்படி இருக்கிறது?

கோழி வாத்தியார் | காலை 9.12
நிறத்துக்கும் இந்தப் பிரச்சினைக்கும் என்ன சம்பந்தம்? சேவல் என்ன நிறத்தில் இருந்தாலும் சேவல்தான். இது சிறுவிடை (சிறிய உடல் நாட்டுக்கோழி) வளர்ப்பில் எல்லோருக்கும் வருகிற தொல்லை. வெள்ளியன்று திருமங்கலம் சந்தைக்குக் கொண்டு போங்கள், அல்லது வியாழனன்று அய்யலூருக்கு. நாட்டுச் சேவல் என்றால் வியாபாரிகள் வாசலிலேயே மடக்கிக்கொள்வார்கள். வளர்ந்த சேவல் ஒன்று நாளுக்குச் சுமார் 100 கிராம் தீவனம் தின்னும். ஆறும் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கு மேல். வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

ஒத்தக்கடையான் | பிற்பகல் 1.15
ஆறுமே வெள்ளை. கொண்டை பெரியது, ஒற்றையாக, பற்கள் போல் இருக்கிறது. சேவல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் பெட்டை முட்டை இடாது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

பஞ்சாரம் | பிற்பகல் 1.22
முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை, அடை வைக்கத்தான் வேண்டும். சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு வாரம் போல முட்டையில் கரு இருக்கும். மாமியாரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

செல்லம்பட்டிக்காரி | பிற்பகல் 1.40
ஆறுமே வெள்ளை, பெரிய ஒற்றைக் கொண்டை. உங்கள் பெட்டைகளும் வெள்ளையா? குஞ்சுகளை நீங்கள் அடை வைத்தீர்களா, வாங்கினீர்களா?

ஒத்தக்கடையான் | பிற்பகல் 2.03
பெட்டைகள் மூன்றும் மாமியார் வீட்டுச் சிறுவிடை, ஒன்று கருப்பு, இரண்டு செம்மை. அடை வைக்கவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். பச்சை, ரோஜா, மஞ்சள் என்று சாயம் போட்டு அட்டைப்பெட்டியில் விற்றார்களே, அந்தக் குஞ்சுகள். பத்து வாங்கினோம், நான்கு முதல் வாரமே போய்விட்டன. இது தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

பஞ்சாரம் | பிற்பகல் 2.05
தேவைப்படும் என்று நினைக்கவில்லையாம்!

செல்லம்பட்டிக்காரி | பிற்பகல் 2.20
அதனால்தான் கேட்டேன். அடை வைத்து ஆறும் சேவலாக வருவது எப்போதாவது நடக்கும். ஆனால் ஆறும் ஒரே வெள்ளையாக, ஒரே கொண்டையாக வராது. சாயக் குஞ்சு என்றால் அது பெரும்பாலும் லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தின் சேவல்தான். முட்டைப் பண்ணைகளுக்குக் குஞ்சு கொடுக்கும் பொரிப்பகங்களில் முதல் நாளே இறகைப் பார்த்தோ ஆசனவாயைப் பார்த்தோ பெட்டையைப் பிரித்துவிடுவார்கள். சேவல் முட்டையும் இடாது, பிராய்லர் போலச் சதையும் போடாது. அழித்தது போக மிஞ்சியதைச் சாயம் தோய்த்துத் திருவிழாவுக்கு அனுப்புவார்கள். இறகு முளைத்ததும் சாயம் போய் வெள்ளை தெரிந்துவிடும். என் பேத்திக்கும் இப்படித்தான் வாங்கி வந்தார்கள். எட்டில் ஐந்து பிழைத்தன, ஐந்தும் சேவல்.

கோழி வாத்தியார் | பிற்பகல் 2.34
கொண்டை என்று சொன்னபோதே எனக்கும் லெகார்ன் சந்தேகம் வந்தது. மற்றவர்கள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பஞ்சாரம் | பிற்பகல் 2.36
வாத்தியாரே, காலை 9.12-க்கு நீங்கள் எழுதியது மேலேயே இருக்கிறது.

வைகைக்கரை | பிற்பகல் 2.50
யாருக்குத் தெரியப் போகிறது? ஐந்து மாதம் மண்ணில் மேய்ந்தது, நாட்டுச் சேவல் என்றே விற்கலாம். கட்டுக்கு ஆகாது, லெகார்னுக்கு ரோஷம் வராது.

செல்லம்பட்டிக்காரி | பிற்பகல் 3.04
வாங்குகிறவருக்குத் தெரியும். திருமங்கலத்து வியாபாரி காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்ததும் எடையைச் சொல்லிவிடுவார். நாட்டுக்கோழி என்று கேட்டு வாங்கும் நோயாளி வீடும் இருக்கிறது. பொய் சொல்லி விற்காதீர்கள். வெள்ளைச் சேவல், வீட்டில் வளர்ந்தது என்று சொல்லியே குறைந்த விலைக்குக் கொடுங்கள்.

வைகைக்கரை | பிற்பகல் 3.09
ஊரில் பாதிக் கடையில் கிராஸ் கோழியைத்தான் நாட்டுக்கோழி என்று எடை போடுகிறார்கள். இவர் ஒருவர் மட்டும் அரிச்சந்திரனாக இருந்து என்ன ஆகப் போகிறது?

(இதற்குப் பிறகு கிராஸ் கோழி பற்றிப் பதினான்கு பதில்கள்)

மேலூர் மாடிவீடு | மாலை 6.30
கூட்டை இருட்டாக மூடினால் கூவாது என்கிறார்களே?

கால்நடை மாணவன் | மாலை 6.48
தாமதமாகக் கூவலாம், நிற்காது. சேவலின் கூவலை உள்கடிகாரம் நடத்துகிறது என்று 2013-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தபோதும் சேவல்கள் நாளுக்கு ஒருமுறை தம் நேரத்தில் கூவின. மூடுவதாக இருந்தால் காற்று புகும்படி மூடுங்கள் அண்ணா.
ஒத்தக்கடை அண்ணாவுக்கு: உடனே விற்க முடியாவிட்டால் ஆறையும் பெட்டைகள் கண்ணில் படாத பக்கம் அடையுங்கள். இடையில் சாக்குத் திரை போதும். பெட்டை தெரியாவிட்டால் சேவல்களுக்குள் சண்டை நன்றாகக் குறையும். அடைக்கும்போது ஒன்றொன்றாக இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், இரவில் விடுங்கள். பிந்தி வருவதை மற்றவை விரட்டும்.

பஞ்சாரம் | இரவு 7.15
அறுப்பதாக இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனி இறுகத்தான் செய்யும். லெகார்னில் குழம்புக்குக் கறி தேறாது. மிளகு தட்டிப் போட்டு எலும்புச் சாறு வையுங்கள், அது நன்றாகவே இருக்கும். மகளுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்து, பையன் இரண்டு வருடம் கோழிக்கறியே தொடவில்லை.

கோழி வாத்தியார் | இரவு 7.40
நான் முதலிலேயே சொன்னபடி, எல்லாவற்றுக்கும் கணக்குத்தான் அடிப்படை.

பஞ்சாரம் | வெள்ளி, இரவு 8.20
தம்பி, என்ன ஆயிற்று? அந்தப் பெட்டை எப்படி இருக்கிறது?

பஞ்சாரம் | அடுத்த புதன், காலை 10.05
ஆளையே காணவில்லை.

ஒத்தக்கடையான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.10
மன்னிக்கவும், வேலை. பெட்டைக்குப் புண் ஆறிவிட்டது, நேற்று முட்டை இட்டது. ஐந்து சேவல் போய்விட்டன. ஒன்று இருக்கிறது, அதற்கு மகள் பெயர் வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்பதால் சத்தமாகக் கூப்பிட முடியவில்லை. அனைவருக்கும் நன்றி.

கோழி வாத்தியார் | இரவு 9.18
ஐந்தும் எங்கே போயின? சந்தையா, சாறா? விலை என்ன கிடைத்தது? பின்னால் தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும், எழுதுங்கள்.

உசிலைக்காரர் | இரவு 9.45
இழை முடிவதற்குள் ஒன்று. சாயக் குஞ்சு விஷயம் வேறு, நான் சொன்னது வேறு. இன்று வளர்பிறையில் உருண்டை முட்டையாகப் பதினொன்று பொறுக்கி அடை வைத்திருக்கிறேன். எண்ணி எழுதியும் வைத்திருக்கிறேன். இருபத்தோராவது நாள் இங்கேயே வந்து சொல்கிறேன்.

கால்நடை மாணவன் | இரவு 9.52
இருபத்தோராம் நாள் பார்த்தால் தெரியாது ஐயா. சிறுவிடையில் கொண்டை பார்த்துச் சொல்ல இரண்டு மாதமாவது ஆகும்.

உசிலைக்காரர் | இரவு 9.54
எனக்குத் தெரியும்.