திரையில் வரும் இடைவெளிக்கு ஒரு சொல் வேண்டும்

அல்சூர், செவ்வாய் இரவு

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று ஈசிஜி அலையை வைஃபை வழியாக அனுப்புகிறது. அதன் திரைச் செய்திகளை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். ஒரே சொல்லில் நின்றுவிட்டேன்.

நொடிக்கு 250 அளவீடுகள், பொதி பொதியாகக் (பாக்கெட்) கட்டப்பட்டுப் போகின்றன. அரை நொடிக்கான பொதி தொலைந்தாலே அலையில் ஒரு துடிப்பைக் காட்டும் கூர்முனை முழுதாகப் போய்விடலாம்; அதன் அகலம் சுமார் 0.1 நொடிதான். வரிசை எண்ணைப் பார்த்து, வராத பொதியைப் பெறும் பக்கம் மீண்டும் கேட்கும். உரிய நேரத்தில் வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும். நேர்கோடு இழுத்தால் இதயம் நின்றதாகப் பொருள். பழைய மொழிபெயர்ப்பில் அங்கே "துடிப்பு இழப்பு" என்றிருக்கிறது. அதை வீட்டில் படிக்கும் மனைவி என்ன ஆவார்? "குறிகை (சிக்னல்) இழப்பு" சரியா?

மல்லேஸ்வரம், புதன் காலை

தம்பி, "இழப்பு" வேண்டவே வேண்டாம். அது சாவு வீட்டுச் சொல். குறிகையையும் நான் ஏற்கமாட்டேன். படுக்கிறான், படுக்கை, இருக்கிறான், இருக்கை. குறிக்கிறான் என்றால் குறிக்கைதானே வர வேண்டும்? "இடையறவு" என்று வையுங்கள். இடையறாத மழை என்று இன்றும் எழுதுகிறோமே, அதன் மறுதலை.

ஜயநகர், புதன் மாலை

ஐயா, வாழ்கிறான் என்பதில் ஒற்று மிகவில்லை; வாழ்க்கையில் மட்டும் மிகுந்து நிற்கிறது. விகுதியைக் காட்டிப் புழங்கும் சொல்லைத் தள்ள முடியாது.

அறுவது கம்பி. 1905இல் நெதர்லாந்தின் லெய்டனில், ஈசிஜி முன்னோடியான ஐந்தோவன், சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனை நோயாளியின் இதய அலையைத் தொலைபேசிக் கம்பி வழியே தம் ஆய்வகத்துக்கு வரவழைத்தாரே, அங்கே இடையறவு பொருந்தும். கம்பியில்லா வழியில் எதுவும் அறுவதில்லை; நடுவில் சில பொதிகள் விடுபடுகின்றன. அச்சில் எழுத்து விடுபட்டது என்கிறோம்: எழுத்து இருந்தது, தாளில் ஏறவில்லை. இதயமும் துடித்தது, திரைக்கு வரவில்லை. ஆகவே "விடுபாடு". நான் பாடம் நடத்தும் செவிலியர் வகுப்பில் பாதிப் பேர் கன்னடப் பிள்ளைகள். "பிட்டு ஹோகிதெ" என்பவர்களுக்கு "விடு" சொல்லாமலே விளங்கும். குறிகை அவர்களுக்கும் புரியாது, தமிழ்ப் பிள்ளைகளுக்கும் புரியாது. சிக்னல் என்றே எழுதுங்கள்.

மல்லேஸ்வரம், புதன் இரவு

அம்மா, நோயிலிருந்து விடுபட்டார் என்றும் சொல்கிறோம். துன்பத்திலிருந்து விடுபட்டார் என்றால் இறந்தார் என்றே கொள்வோரும் உண்டு. சிக்னல் என்று எழுதிவிட்டுக் கலைச்சொல் எதற்கு?

அல்சூர், வியாழன் இரவு

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. அதனால் திரையில் தனிச்சொல்லாக வைக்கவில்லை: "சிக்னல் விடுபட்டுள்ளது. கருவி மீண்டும் கேட்கிறது." சொற்பட்டியலில் விடுபாடு, தனி மடலில் எழுதிய மூவரும் அதையே விரும்பினார்கள். இடையறவை உங்கள் காரணத்துடன் அருகில் குறித்திருக்கிறேன். "மீண்டும் அனுப்புதல்" இன்னும் முடியவில்லை. மறுவிடுப்பு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அது ஒப்பவில்லை.