கஞ்சாவும் பதட்டமும்: ஆராவது விளங்கப்படுத்துவீங்களா?

வணக்கம். பேர் போடாமல் கேக்கிறன், கோவிக்க வேண்டாம். கொக்குவில்லில இருக்கிற அக்கான்ர மகன் ஏஎல் (உயர்தரச்) சோதனை ரெண்டாந்தரம் எடுக்கப்போறான். முந்தி கஞ்சா பத்தினா அமைதியா இருப்பானாம். இப்ப சோதனை கிட்டக் கிட்ட, அதே கஞ்சா நெஞ்சுப் படபடப்பும் ஆரோ பின்னால வாறாங்கள் எண்ட பயமும் தருதாம்.

நான் வாசிச்சு விளங்கின அளவில, எங்கட மூளையே ஆனந்தமைட் எண்டொரு பொருளைச் சுரக்குது. 1992இல கண்டுபிடிச்சு, சமஸ்கிருத 'ஆனந்தா'வில இருந்து பேர் வைச்சவை. கஞ்சாவில போதை தாற பொருளான டிஎச்சி (THC) போய் ஒட்டுற அதே சிபி1 ஏற்பியிலதான் (மூளைக் கலங்களில இப்பிடிப் பொருள்கள் வந்து ஒட்டுற இடம்) இதுவும் ஒட்டும். நெடுநாள் மன அழுத்தத்தில ஆனந்தமைட் குறையுதெண்டும், அந்த ஏற்பிகளும் சில இடங்களில குறையுதெண்டும் எலிகளில பாத்திருக்கினம். டிஎச்சி கொஞ்சமெண்டா பதட்டத்தைத் தணிக்கும், கூடினா கிளப்பும். இவன்ர கதையும் இதுதானோ? (அத்தானுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாகும், அது வேற.)

கேக்கிறது ரெண்டு. சோதனைக்கு முதல் சடாரெண்டு விட்டா நித்திரையில்லாமல், எரிச்சலா வருமெண்டினம். அதை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்? யாழ்ப்பாணத்தில, பெடியன் பொலிசுக்குப் பயப்பிடாமல் போகக்கூடிய, அவனோட தமிழில தன்மையாக் கதைக்கிற மனநல வைத்தியர் ஆரும் இருக்கினமோ? 1926க்கு (தேசிய மனநல உதவித் தொலைபேசி) எடுத்துத் தமிழில கதைச்ச ஆக்களும் சொல்லுங்கோ. உள்பெட்டியில போட்டாலும் சரி.