கல்யாண மண்டபத்துக்குப் படக்குறிப் பலகைகள்: ஜப்பான் முறை இங்கே ஒத்துவருமா?

தண்டையார்பேட்டை செழியன்
இங்கே ஒரு மண்டபத்துக்குப் பலகை போடும் வேலை. அவசர வழி, கழிவறை, குடிதண்ணீர், பந்தி. வருகிறவர்கள் தமிழ், தெலுங்கு, இந்தி என்று கலந்து இருப்பார்கள். மூன்று மொழியும் எழுதினால் எழுத்து எறும்பு சைஸ் ஆகிவிடுகிறது. ஜப்பானில் படத்தை வைத்தே சமாளிக்கிறார்களே, அதுபோல நாமே வரைந்துவிடலாமா? கூடம் 20 மீட்டர் நீளம். ரேடியம் ஸ்டிக்கர் போதுமா?

கோடும் கட்டமும்
அவசர வழிக்கு மட்டும் சொந்தமாக வரையவே வரையாதீர்கள். பச்சையில் ஓடும் அந்த மனிதன் ஜப்பானில் பிறந்தவர்தான். 1972இல் ஒசாகாவிலும் அடுத்த வருடம் குமாமோட்டோவிலும் பெரிய கடைகள் தீப்பிடித்து இரண்டிலும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு போட்டி வைத்துப் படம் தேர்ந்தார்கள். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் அதைச் செதுக்கி முடித்தார். 1987இல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரத்தில் ஏறியது. ஊர் உலகமெல்லாம் ஒரே படம் என்பதுதான் அதன் பலம். தலைப்பாகை, வேட்டி என்று அலங்கரித்தால் அது போச்சு.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதே சிக்கல்தான். வந்தவர்களுக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. மசாரு கட்சுமி என்ற வடிவமைப்பு விமர்சகர் தலைமையில் இளம் வடிவமைப்பாளர்கள் கழிவறை, தொலைபேசி, உணவகம் போன்றவற்றுக்குப் படம் வரைந்து, காப்புரிமையையும் விட்டுக்கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்தாளட்டும் என்று.

ராயபுரம் சைன்ஸ்
சார், கணக்கு எளிது. வெளியிலிருந்து வெளிச்சம் விழும் பலகைக்குப் பார்க்கும் தூரத்தை 100ஆல் வகுங்கள்: 20 மீட்டருக்கு 20 செ.மீ. உயரம். உள்ளே விளக்கு எரியும் பெட்டி என்றால் 200ஆல் வகுத்து 10 செ.மீ. இது குறைந்தபட்சம்.

ரேடியம் ஸ்டிக்கர் வேண்டாம். அது தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித்தான் அனுப்பும். கரண்ட் போனால் அதுவும் இருட்டு. இருட்டில் தானே ஒளிரும் ஷீட் தனியாகக் கிடைக்கும். அதற்கும் ட்யூப்லைட் வெளிச்சம் நேராக விழவேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறாது. பேட்டரி உள்ள எல்இடி பெட்டிதான் நிம்மதி.

கதவின் மேல் ஒட்டாதீர்கள், திறந்ததும் பலகை சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். நிலைக்கு மேலே மாட்டுங்கள். டெக்கரேஷன்காரர் பூத்தோரணம் கட்டி மறைக்காத உயரம் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் இங்கே பெரிய தொல்லை. கடல்காற்றுக்குச் சாதா ஆணி துருப்பிடித்துப் பலகையில் கறை வடியும், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போடுங்கள்.

கோடும் கட்டமும்
இன்னொன்று, அம்புக்குறியும் மனிதன் ஓடும் பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். ஸ்டிக்கர் கட்டிங் கடையில் அம்பை மட்டும் திருப்பி ஒட்டிவிடுவார்கள். ஆள் ஒரு பக்கம் ஓட, அம்பு மறுபக்கம் காட்டும். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு கொடுங்கள். ஜப்பானில் வாசலிலேயே இருப்பது பச்சைப் பின்னணி, வாசலுக்கு வழிகாட்டுவது வெள்ளைப் பின்னணி. நீள வராந்தா இருந்தால் அதைப் பின்பற்றலாம்.

தண்டையார்பேட்டை செழியன்
நன்றி. கழிவறையில் நீலம், சிவப்பு என்று நிறத்தை வைத்தே பிரித்தால்?

ராயபுரம் சைன்ஸ்
நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நிறக்குருடு உள்ளவர்களுக்குப் புரியாது. உருவமும் வேறாக இருக்கட்டும். இந்தியன், வெஸ்டர்ன் இரண்டும் இருந்தால் அந்தந்தக் கதவில் சின்னதாகப் படம் போடுங்கள். ஜப்பான் தரத்தில் உட்கார்ந்து போகும் கழிப்பறைக் கோப்பைக்கும் குந்தி உட்காரும் கோப்பைக்கும் தனித்தனிக் குறியே உண்டு. பந்திக்கு மட்டும் நீங்கள் வாழையிலை வரைந்துகொள்ளலாம், தப்பாகப் புரிந்தாலும் ஆபத்தில்லை.