பிள்ளைகளோடு கயாக்கில் மீன் பிடிக்கப் போனபோது மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

கோத்தகிரி_தக்கை:
தீபாவளி லீவு. கோத்தகிரிக்குக் கீழே ஒரு எஸ்டேட் குளம். அங்கே ஃபீல்டு ஆபீசராக இருக்கும் நண்பர் அனுமதி வாங்கித் தந்தார். மூன்று குடும்பம், காற்றடித்து மிதக்கவிடும் கயாக் என்ற குறுகலான படகு ஒன்று. பிள்ளைகளை முறைவைத்து ஏற்றிக்கொண்டிருந்தோம். நண்பரின் மகள், எட்டு வயது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் ஐப்பசி மதியம் எப்படி மூடும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது, கரை மறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தக்கை முங்கியது. நல்ல பெரிய கெண்டை. ராடு அவள் கையில். மீன் கயாக்குக்கு அடியில் புகுந்து மறுபக்கம் இழுக்க, அவளும் கூடவே சாய்ந்தாள். ஒரு பக்கம் தண்ணீரில் அமுங்கியது. கத்தியை எடுத்துத் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டேன். இன்னொரு முறை நடந்தாலும் அறுக்கத்தான் செய்வேன். அவள் அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, அது வாய்ல முள்ளோட போகுதே, எப்படிச் சாப்பிடும்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அப்பா கரையிலிருந்து ஜீப் ஹாரனை விட்டுவிட்டு அடித்தார். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கரைக்கு வந்தோம். வழி முழுக்க அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த மீன் என்ன ஆகும்?

பூம்பாறை_வாசி:
எனக்கு அப்படி அறுத்துக்கொண்டு போன மீனே ஒன்று கிடைத்தது. கொடைக்கானல் ஏரி, கயாக் இல்லை, துடுப்புப் படகு. தம்பி பிள்ளைகள் இருவரும் கூட இருந்தார்கள். களை ஓரமாக நிறுத்தி ராகி மாவு உருண்டை போட்டோம். கண்ணாடிக் கெண்டை ஒன்று ஏறியது. அந்த முதுகோரத்துப் பெரிய செதில்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஒரே சத்தம்.

பக்கத்தில் கொண்டுவந்தால் அதன் உதட்டில் ஏற்கெனவே ஒரு முள். கறுத்துத் துருவேறி, பாசி பிடித்த நரம்பு ஒரு சாண் தொங்குகிறது. பெரியவன் அப்படியே அமைதியாகிவிட்டான். குறடால் பிடித்ததும் அந்தப் பழைய முள் வளைவில் ஒடிந்தது. மீன் நல்ல கொழுப்பாக இருந்தது ஐயா. முள்ளோடுதான் இத்தனை நாள் தின்றிருக்கிறது. உதட்டில் மாட்டியிருந்தால் சாப்பிடும் என்று அந்தப் பாப்பாவிடம் சொல்லுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் என்னால் உறுதி சொல்ல முடியாது.

மஞ்சூர்_மாமா:
மீன் இருக்கட்டும். பனி ஏறுகிற நேரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு நடுக்குளத்தில் ஏன் இருந்தீர்கள்? எமரால்டு அணைக் கரையில் கோடையில் தண்ணீர் இறங்கியிருந்தபோது அக்கா மகன் தூண்டில் போட இறங்கினான். மேலே காய்ந்து வெடித்த மண், உள்ளே கூழ். தொடைவரை புதைந்துவிட்டான். ஜமுக்காளத்தை விரித்து அதன் மேல் படுத்து இழுத்தோம். அவன் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு நீலம் பாய்ந்துவிட்டது.

அதனால் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் எடைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். கால்களுக்கு இடையே மாட்டும் பட்டை இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும், பிள்ளை கீழே வழுகும். போகுமுன் முழங்கால் தண்ணீரில் மாட்டிப் பாருங்கள். நம் மலைத் தண்ணீர் குளிர்; திடீரென்று விழுந்தால் மூச்சு அடைக்கும், கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும். நீச்சல் தெரிந்த பெரியவர்களுக்கும் இதேதான். ஜீன்ஸ், கனத்த ஸ்வெட்டர் வேண்டாம். மாற்றுத்துணியைத் தண்ணீர் புகாத பையில் வையுங்கள். ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் ஒரு விசில். எதிர்க்கரை மங்கலாகும்போதே தூண்டிலைச் சுருட்டிக் கரைக்குத் திரும்புங்கள், கரையே மறையும்வரை இருக்காதீர்கள். காற்றடிக்கும் கயாக்கில் முள் எப்போதும் மூடியோடு. அணைகளில் சொந்தப் படகை இறக்க நினைக்கவே வேண்டாம். அனுமதி கிடையாது, மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விட்டால் மட்டமும் இறங்கும். இதையெல்லாம் படித்துவிட்டுப் போங்கள்.

பழனிமலை_ரீல்:
இந்த ஏரிக் கெண்டை வெளிநாட்டு மீன், நம் ஓடைகளைக் கெடுக்கிற மீன். அதற்கு இவ்வளவு வருத்தமா? பிடித்தால் குழம்பு வையுங்கள், விடாதீர்கள்.

குன்னூர்_அம்மா:
மஞ்சூர் அண்ணா, நீங்கள் சொன்ன அத்தனையும் சரி. ஆனால் அவர் கேட்டது மீனைப் பற்றி.

பழனிமலைக்காரரே, நம் ஏரிகளில் எது தானாக வந்தது? ஊட்டி ஏரி அந்தக் காலத்துக் கலெக்டர் சல்லிவன் ஓடைகளை மறித்து உண்டாக்கவைத்தது, கொடை ஏரி 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் கரைகட்டி உண்டாக்கியது. ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனை இந்த மலையில் விட மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே முயன்று முடியாமல் போய், பல வருஷம் கழித்து 1907இல் மீன்வளர்ப்பு நிபுணர் வில்சன் ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்தபிறகுதான் அது நிலைத்தது. குழம்பு வைப்பது என்றால் வையுங்கள், நானும் வைப்பேன். ஓடையில் புதிதாக யாரும் கெண்டையை விடக்கூடாது, அதுவும் சரி. ஆனால் வெளிநாட்டு மீன் என்பதற்காக வலிக்காது என்று ஒரு குழந்தையிடம் என்னால் சொல்ல முடியாது.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு ட்ரவுட். அவலாஞ்சிப் பக்கத்து ஓடை, நண்பரோடு அனுமதி வாங்கிப் போயிருந்தோம். என் மகன் பிடித்த மீன் சின்னது, விட்டுவிடலாம் என்றோம். நண்பர் முதலில் அவன் கையை ஓடையில் நனைக்கச் சொன்னார். காய்ந்த கையில் பிடித்தால் மீன் மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும், அது போனால் புண்ணாகும். நீர் வரும் திசைக்கு மீனின் தலையைத் திருப்பி வயிற்றடியில் தாங்கிக்கொண்டு நின்றான். அது அசையவில்லை. குளிரில் அவன் உதடு நடுங்குகிறது, கையை எடுக்கவில்லை. செவுள் திறந்து மூடுவதைச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு சமயத்தில் வாலால் அவன் கையில் அடித்துவிட்டுப் போனது. அவன் முகத்தை நான் அப்போது பார்த்ததுதான், வேறு எதற்கும் அப்படிப் பார்த்ததில்லை.

கோத்தகிரி சார், முள் ஆழமாகப் போயிருந்தால்கூட அதைப் பிடுங்குவதைவிட நரம்பை வாய்க்கு அருகில் அறுத்து விடுவதே மீனுக்கு நல்லது. பிடுங்கினால் உள்ளே கிழியும். துருப்பிடிக்காத எஃகு முள் வாங்காதீர்கள், சாதா இரும்பு முள்தான் சீக்கிரம் அரிக்கும். அதன் எதிர்முள்ளை, அதாவது முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரை, குறடால் நசுக்கிவிடுங்கள். சில மீன் தப்பும், பரவாயில்லை. எது தப்பினாலும் முள்ளைக் கழற்றிக்கொண்டு போக வழி இருக்கும்.

கோத்தகிரி_தக்கை:
பூம்பாறைக்காரரும் குன்னூர் அம்மாவும் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பழைய முள் ஒடிந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம் என் டப்பாவைக் கொண்டுவந்து, எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் நசுக்கியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். குறடு நான் பிடித்தேன், முள்ளை எடுத்துத் தந்தது அவள்.

மஞ்சூர் மாமா, ஜாக்கெட் போட்டிருந்தாள், நீங்கள் சொன்ன பட்டைதான் அதில் இல்லை. எட்டு வயதுக்கு அப்படிப்பட்டது கோயம்புத்தூரில் எந்தப் பக்கம் கிடைக்கும்? மே மாதம் திரும்பப் போகிறோம், அதற்குள் வாங்கவேண்டும்.