மறுமொழி: ‘வெதர் விண்டோ’ – காலநிலைச் சாளரமா, தணிவுநேரமா?

குழுவினருக்கு வணக்கம்.

கடற்காற்றாலை நிறுவல் அத்தியாயத்தில் ‘வெதர் விண்டோ’வை, அதாவது வேலை செய்ய வானிலை இடங்கொடுக்கும் நேரத்தை, இப்போதைக்குக் ‘காலநிலைச் சாளரம்’ என்று வைத்திருக்கிறோம். படிக்கிறவருக்கு அது ஒன்றும் சொல்லாது. போதாததற்கு இங்கே பேசப்படுவது வானிலை, காலநிலை அல்ல. ‘தணிவுநேரம்’ என்று மாற்றலாமா? காற்றும் அலையும் வேலைக்கான எல்லைக்குக் கீழே தணிந்திருக்கும் நேரம். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் ‘காத்துத் தணியட்டும்’ என்று சொல்லிக் கரையில் காத்திருப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ‘எஃபிசியன்சி’க்கு ‘வினைத்திறன்’ பாடநூல்களில் நிலைத்துவிட்டது, அதைத் தொடவேண்டாம்.

– திருநெல்வேலியிலிருந்து

~~~

சாளரத்தைக் கைவிடுவதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் தணிவுநேரம் பாதி வேலையைத்தான் செய்யும்.

ஒரு காற்றுச் சுழலியை நிறுத்தும் ஒழுங்கைப் பாருங்கள். கால் ஊன்றும் கப்பல் இடத்துக்கு வந்து கால்களைக் கடலடியில் இறக்கும். வேலையின்போது வரக்கூடிய சுமையைவிடக் கூடுதலாக ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்த்த பிறகே கப்பல் தன் உடலை அலைக்கு மேலே தூக்கும். அதன்பின் கோபுரம், அதன் உச்சியில் மின்பிறப்பாக்கியைத் தாங்கும் பொறிக்கூடு, மூன்று இறகுகள். கால் தரை தொடும் கட்டத்தில் எல்லை வைப்பது அலை. அங்கும் உயரம் மட்டும் போதாது. 1.5 மீற்றர் அலை 6 செக்கனுக்கு ஒருமுறை வந்தால் சமாளிக்கிற கப்பல், அதே உயரம் 10 செக்கன் நீளலையாக வந்தால் ஆடிக் காலைத் தரையில் இடித்துவிடலாம். உடல் நீரைவிட்டு மேலே போனதும் காற்றுத்தான் எசமான். இறகு மாட்ட வழக்கமாகச் செக்கனுக்கு 10 முதல் 12 மீற்றர் வரைதான் விடுவார்கள், அதுவும் இறகுகள் பொருந்தும் நடுப்பகுதியான குடத்தின் உயரத்தில். (வண்டிச்சில்லுக்கு இருக்கிற ‘குடம்’ இதற்கும் போதும்.) 10 மீற்றர் உயரத்தில் 8 காட்டுகிற காற்றுமானியை நம்பக்கூடாது: உயரத்தோடு காற்று கூடுவதைக் கணிக்கும் அடுக்கை 0.11 என்று எடுத்தால் 100 மீற்றரில் அது 10.3. கீழே கடல் தணிந்து கிடக்கும். மேலே இறகின் அடியில் நிற்கிற போல்ற்றுகள் குடத்துத் துளைகளுக்கு நேரே நில்லாது. ஆகவே எந்த வேலைக்கான தணிவு என்று சொல்லாத தணிவுக்குப் பொருளில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் தொடர்ச்சி. 72 மணித்தியாலத்தில் 36 எல்லைக்குக் கீழே இருந்தது என்று வையுங்கள். தணிவு 50 வீதம். அது 6 மணித்தியாலத் துண்டுகள் ஆறாக வந்தால், 12 மணித்தியாலம் கேட்கிற வேலையை ஒருமுறைகூடத் தொடங்க முடியாது. ஒரே நீட்சியாக வந்தால் மூன்று முறை முடிக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் வினைத்திறன் அட்டவணை பொய் சொல்லும்.

என் முன்மொழிவு: கூட்டுத்தொகைக்குத் தணிவுநேரம், அறாத நீட்சி ஒவ்வொன்றுக்கும் ‘தணிவிடை’.

– பருத்தித்துறையிலிருந்து

~~~

தணிவிடைக்கு என் வாக்கு. வரையறையில் இரண்டு விடயம் சேர வேண்டும்.

மேலே சொன்ன 12 மணித்தியாலம் வேலையின் நீளம் மட்டுமல்ல. 8 மணித்தியால வேலை, பிசகினால் சரிக்கட்ட 4. இரண்டும் சேர்ந்துதான் தேவை. அதற்குக் குறைந்த நீட்சி தணிவிடை ஆகாது. எதிர்வுகூறல் பிழைக்கும் இடம் விடவேண்டும். வேலையின் காற்று எல்லை செக்கனுக்கு 10 மீற்றர் என்றால், அந்தப் பிழைக்காக எல்லையைப் பெருக்கிக் குறைக்கும் குறைப்புக் காரணி 0.8 ஆக இருக்கையில் எதிர்வுகூறல் 8 ஐத் தாண்டாதபோதுதான் தொடங்கலாம். வேலை நீள நீள இந்தக் காரணி இன்னும் இறங்கும்.

அடுத்தது, ‘எதிர்பார்த்த தணிவிடை’, ‘கிடைத்த தணிவிடை’ என்று பிரித்து எழுதுங்கள். கடல் தணிந்திருக்கப் பாரந்தூக்கி பழுதாகி நின்ற மணித்தியாலங்களை நாட்குறிப்பில் வானிலைத் தடை என்று பதிவது இத்துறையின் பழைய கள்ளம். கிடைத்த தணிவிடையில் எவ்வளவு பயன்பட்டது என்ற விகிதத்தைத் தனியாகக் கணக்கிட்டால் அது உடனே தெரியும். எனக்கு வினைத்திறன் என்பது அந்த விகிதம்தான். நாளுக்கு எத்தனை சுழலி என்பது பாதி அதிட்டம்.

எடுத்துக்காட்டாக இதைப் போடலாம்: பாரந்தூக்கியின் கொக்கியைக் கழற்றத் தேவையான போல்ற்றுகளை மட்டும் முதலில் இறுக்கி, மீதியைக் காற்று எழும்பிய பிறகு உள்ளே இருந்து இறுக்கினால் தேவைப்படும் தணிவிடை சுருங்கும். கோபுரத் துண்டுகளைத் துறைமுகத்திலேயே பொருத்தி நிமிர்த்திக் கொண்டுபோவதும் அதற்காகத்தான்.

‘பொறிக்கூடு’ பற்றி எனக்கு மறுப்பு உண்டு, தனி மடலில் எழுதுகிறேன்.

– காரைநகரிலிருந்து